வீட்டு பிளம்பிங்: எந்த இடத்துக்கு எந்த ஃபிட்டிங் போடணும்?

பைப் வேலை ஆரம்பிக்கும்போது எல்லாரும் ரொம்ப நேரம் பேசுறது எந்த பைப் போடலாம்ங்கிறதத்தான். அந்த பைப்புகள ஒன்னோட ஒன்னு சேக்குற எல்போ, டீ, யூனியன், நிப்பிள் இதெல்லாம் கடைசி நேரத்துல லிஸ்ட் போட்டு மொத்தமா வாங்கிட்டு வந்துடுவோம். ஆனா எந்த வீட்டுலயாவது சுவர் ஈரமா இருக்குன்னு உடைச்சுப் பாருங்க, பைப்போட நடுவுல ஓட்டை இருக்கிறது அபூர்வம், ரெண்டு துண்டு சேர்ற இடத்துலதான் கசிவு இருக்கும். அதனால பைப்ப விட ஃபிட்டிங்க பத்தி கொஞ்சம் கூடுதலா தெரிஞ்சு வச்சுக்கிறது நல்லதுன்னு நான் உறுதியா நம்புறேன், நீங்க கையால வேலை செய்யப்போறதில்லனாலும் சரி, செய்யறவர்கிட்ட சரியான கேள்விய கேக்கவாவது இது உதவும்.

ஃபிட்டிங் ஒன்ன கையில எடுத்தா ரெண்டு விஷயம் யோசிங்க. ஒன்னு, இந்த ஜாயிண்ட்ல தண்ணி வெளிய வராம தடுக்குறது எது, ஒட்டுற சொல்யூஷனா, மரையா, ரப்பர் வாஷரா, இல்ல உருக்கி ஒட்டுனதா? ரெண்டு, இத நாளைக்கு திரும்ப பிரிக்க வேண்டி வருமா, வந்தா கை போகுமா? இந்த ரெண்டுக்கும் பதில் தெரிஞ்சாலே பாதி குழப்பம் போயிடும், மீதி எல்லாம் அளவும் வடிவமும்தான்.

முதல்ல பேர் எல்லாம் ஒரு சுத்து

திரும்புற இடத்துக்கு எல்போ. 90 டிகிரி, 45 டிகிரி ரெண்டு உண்டு. ஒரு லைன்ல இருந்து இன்னொரு லைன் பிரிக்க டீ. நேரா ரெண்டு துண்ட சேக்க கப்ளிங், சில பேர் சாக்கெட்னு சொல்லுவாங்க. பெரிய பைப்ல இருந்து சின்னதுக்கு போக ரெட்யூசர், இல்லேன்னா ஃபிட்டிங்குக்குள்ளயே சொருகுற ரெட்யூசர் புஷ். லைன் முடியிற இடத்த மூட எண்ட் கேப், மரை உள்ள ஓட்டைய மூட பிளக், அதத்தான் வேலை நடக்கிற இடத்துல டம்மின்னு சொல்லுவாங்க. பிளாஸ்டிக் பைப்ல இருந்து மரைக்கு மாற எம்டிஏ, எஃப்டிஏ. எம்டிஏன்னா மரை வெளிப்பக்கம் இருக்கும், எஃப்டிஏன்னா உள்பக்கம் இருக்கும். ரெண்டு பக்கமும் வெளி மரை இருக்கிற சின்ன துண்டு நிப்பிள். டேங்க் சுவர்ல ஓட்டை போட்டு மாட்டுறது டேங்க் நிப்பிள். கழட்டி மாட்டுற மாதிரி மூணு பாகமா வர்றது யூனியன், இத பத்தி பின்னாடி நிறைய சொல்லணும்.

இதுல எல்போவும் டீயும்தான் தண்ணியோட வேகத்த நிறைய குறைக்கும். ஒரு 90 டிகிரி எல்போல தண்ணி படுற தடை, அதே பைப் சுமார் 30 மடங்கு விட்டத்துக்கு நேரா ஓடினா எவ்வளவு தடை இருக்குமோ அவ்வளவுன்னு கணக்கு வச்சிருக்காங்க. ஒரு இன்ச் பைப்புன்னா ஒவ்வொரு எல்போவும் முக்கால் மீட்டர் பைப்ப கூட சேத்த மாதிரி. டீல தண்ணி நேரா போனா தடை கம்மி, பக்கத்துல திரும்பி போனா எல்போவ விட ரெண்டு மடங்கு. 45 டிகிரி எல்போவுக்கு 90ல சுமார் பாதிதான். அதனால லைன் ஒரு தூணயோ பீமயோ தாண்டி கொஞ்சம் தள்ளி போகணும்னா ரெண்டு 90 போடறதுக்கு பதிலா ரெண்டு 45 போட்டா தடை பாதியா குறையும், வேலையும் அதேதான். மேல டேங்க்ல இருந்து சும்மா உயரத்துலயே இறங்குற தண்ணிக்கு இது ரொம்ப முக்கியம், ஏன்னா 10 மீட்டர் உயரத்துக்கே சுமார் 1 பார் அழுத்தம்தான் கிடைக்கும், மேல் மாடில இருக்கிற ஷவருக்கு அதுல கால்வாசி கூட இருக்காது. அங்க ஏழெட்டு எல்போ போட்டு சுத்தி சுத்தி கொண்டு போனா ஷவர்ல தண்ணி சொட்டத்தான் செய்யும்.

அரை இன்ச்சுன்னா எது அரை இன்ச்?

புதுசா வாங்குறவங்க எல்லாரும் மாட்டிக்கிற இடம் இது. அரை இன்ச் பைப்புன்னு சொன்னா, ஸ்கேல் வச்சு அளந்தா எங்கயும் அரை இன்ச் வராது, அது ஒரு பேரு, அவ்வளவுதான். ஜிஐ, அதாவது துத்தநாகம் பூசின இரும்பு பைப்புல, அரை இன்ச்சோட வெளி விட்டம் 21.3 மில்லிமீட்டர். சூடு தண்ணிக்கு போடுற, வெளிர் மஞ்சள் நிறத்துல வர்ற பிளாஸ்டிக் பைப்பான சிபிவிசி அரை இன்ச், காப்பர் பைப் அளவுல செய்யிறதால, வெளி விட்டம் 15.9 மில்லிமீட்டர்தான். சூடு காட்டி உருக்கி ஒட்டுற பிளாஸ்டிக் பைப்பான பிபிஆர்ல 20 மில்லிமீட்டர்னு போட்டிருந்தா அது வெளி விட்டம், அதத்தான் ஏறக்குறைய அரை இன்ச்சுக்கு சமமா எடுத்துக்கிறாங்க. மூணும் அரை இன்ச்தான், ஆனா ஒன்னோட ஃபிட்டிங் இன்னொன்னுல ஏறாது, ஏறினா தொளதொளன்னு இருக்கும்.

அதனால கடைக்கு போகும்போது அரை இன்ச் எல்போ வேணும்னு மட்டும் சொல்லாதீங்க, எந்த பைப்புக்குன்னு சேத்து சொல்லுங்க, முடிஞ்சா பழைய பைப்ல ஒரு சின்ன துண்ட வெட்டி கையோட கொண்டு போங்க, இத விட நல்ல அளவுகோல் கிடையாது. பைப் மேலயே பொருள், அளவு, எந்த ஸ்டாண்டர்ட்னு அச்சடிச்சிருக்கும், அத போட்டோ எடுத்துக்கிட்டாலும் போதும்.

மரை மட்டும் கொஞ்சம் பொதுவா இருக்கும். அரை இன்ச் மரைன்னா பைப் எதுவா இருந்தாலும் குழாய், ஷவர், ஹீட்டர் எல்லாத்துக்கும் ஒரே மரைதான் வரும், அதனாலதான் வேற வேற பொருள ஒன்னா சேக்கணும்னா மரை வழியா சேக்குறோம். ஆனா இங்கயும் ஒரு கண்ணி இருக்கு. உலகத்துல ரெண்டு வித பைப் மரை புழக்கத்துல இருக்கு, பிரிட்டிஷ் முறையான பிஎஸ்பி, அமெரிக்க முறையான என்பிடி. அரை இன்ச்லயும் முக்கால் இன்ச்லயும் ரெண்டுக்குமே ஒரு இன்ச்சுக்கு 14 மரைதான், அதனால ஒன்னுல இன்னொன்ன வச்சு திருப்பினா ரெண்டு மூணு சுத்து அழகா ஏறும், ஆனா மரையோட கோணம் ஒன்னுல 55 டிகிரி, இன்னொன்னுல 60. முழுசா உக்காராது, எவ்வளவு டேப் சுத்தினாலும் ஒரு சொட்டு வந்துக்கிட்டே இருக்கும். வெளிநாட்டுல இருந்து வாங்கின குழாயோ ஃபில்டரோ மாட்டும்போது என்ன பண்ணினாலும் கசிவு நிக்கலேன்னா இத ஒரு தடவ சந்தேகப்படுங்க.

சொல்யூஷன் ஒட்டுறது

பிவிசி, சிபிவிசி ரெண்டுக்கும் இதுதான் வழி. சொல்யூஷன்னு நாம சொல்றது கம் மாதிரி நடுவுல இருந்து ரெண்டு பக்கத்தயும் பிடிச்சுக்கிற பொருள் இல்ல, அது பைப்போட வெளி தோலயும் ஃபிட்டிங்கோட உள் தோலயும் இளக வச்சு ரெண்டயும் ஒன்னா கலக்க வைக்குது, கரைப்பான் ஆவியா போனதும் ரெண்டும் ஒரே பிளாஸ்டிக்கா ஆயிடும். இத புரிஞ்சுக்கிட்டா பல விதி தானா புரியும். பைப்ல தூசி, எண்ணெய், ஈரம் இருக்கக்கூடாது, ஏன்னா தோல் இளகாது. வெட்டுனது நேரா இருக்கணும், ஏன்னா கோணலா வெட்டுன பக்கம் ஃபிட்டிங்குக்குள்ள முழுசா போய் உக்காராது, ஒட்டுற பரப்பு குறைஞ்சிடும். வெட்டுன ஓரத்துல இருக்கிற பிசிற கத்தியாலயோ அரத்தாலயோ எடுத்து வெளி ஓரத்த லேசா சரிச்சு விடணும், இல்லேன்னா உள்ள சொருகும்போது அந்த கூர் ஓரம் சொல்யூஷன வழிச்சு தள்ளிட்டு போயிடும்.

ஒட்டுறதுக்கு முன்னாடி சும்மா சொருகிப் பாருங்க. நல்ல ஃபிட்டிங்ல பைப் மூணுல ஒரு பங்குல இருந்து மூணுல ரெண்டு பங்கு வரைக்கும்தான் தானா போகும், அதுக்கப்புறம் இறுகும், சொல்யூஷன் போட்டதும் மீதி இறங்கும். சும்மாவே அடிவரைக்கும் தொளதொளன்னு போனா அந்த ஃபிட்டிங்க வாங்காதீங்க. சொல்யூஷன் தடவி சொருகும்போது கால் சுத்து திருப்பி, அரை நிமிஷம் அழுத்தி பிடிங்க, கைய விட்டதும் பைப் தானா பின்னாடி தள்ளி வரும் சில நேரம், அதுக்குத்தான் பிடிக்கச் சொல்றது. அப்புறம் முழு அழுத்தத்துல தண்ணி விட ஒரு நாள் பொறுத்தா நிம்மதி, சரியான நேரம் டப்பாவுலயே குளிர், வெயில், பைப் அளவு பாத்து போட்டிருக்கும்.

பிவிசி சொல்யூஷன சிபிவிசிக்கு போடாதீங்க. ரெண்டும் பேர்ல சொந்தம்னாலும் சிபிவிசி சூடு தண்ணிக்கு, அதுக்கு தனி சொல்யூஷன். பிவிசி பைப்ப 60 டிகிரிக்கு மேல நம்பக்கூடாது, சிபிவிசி 80 டிகிரி தாண்டியும் வேலை செய்யும், ஆனா சூடு ஏற ஏற அது தாங்குற அழுத்தம் ரொம்ப குறைஞ்சிடும். பரவலா வர்ற எஸ்டிஆர் 11 வகை (வெளி விட்டம் பைப் தடிமன போல 11 மடங்கு) சிபிவிசி 23 டிகிரில சுமார் 400 பிஎஸ்ஐ அழுத்தம் தாங்குனா 82 டிகிரில 100 பிஎஸ்ஐதான். ஹீட்டர்ல இருந்து வர்ற லைன்ல ஒரே ஒரு பிவிசி எல்போ கலந்துட்டா கூட லைன் முழுக்க அந்த எல்போ அளவுக்குத்தான் பலம்.

இன்னொன்னு, ஒட்டுன ஜாயிண்ட் பிரியாது. தப்பா ஒட்டிட்டா வெட்டித்தான் எடுக்கணும். அதனால எல்லாத்தையும் முதல்ல சும்மா சொருகி, எல்போ எந்த பக்கம் பாக்கணும்னு பேனாவால கோடு போட்டு வச்சுக்கிட்டு அப்புறம் ஒட்டுங்க.

பிபிஆர் பைப்புக்கு எந்த சொல்யூஷனும் ஒட்டாது, அதுக்கு சூடு மட்டும்தான். சுமார் 260 டிகிரிக்கு சூடான மெஷின்ல பைப்பயும் ஃபிட்டிங்கயும் ஒரே நேரத்துல சொருகி, 20 மில்லிமீட்டருக்கு 5 செகண்ட், 25க்கு 7 செகண்ட்னு எண்ணி, எடுத்து உடனே ஒன்னோட ஒன்னு சேக்கணும். சிபிவிசிக்கு கால் சுத்து திருப்பச் சொன்னேன் இல்ல, இங்க திருப்பவே கூடாது, நேரா தள்ளணும். அதிக நேரம் சூடு காட்டினாலோ அதிகமா உள்ள தள்ளினாலோ உருகின பிளாஸ்டிக் உள்ள வளையமா திரண்டு தண்ணி வழிய பாதியா அடைச்சிடும், வெளிய பாத்தா ஜாயிண்ட் அருமையா இருக்கும், தண்ணி மட்டும் வராது. நல்லா செஞ்சா இதுதான் சுவருக்குள்ள போடுறதுக்கு ரொம்ப நம்பகமான ஜாயிண்ட்டுன்னு எனக்கு தோணுது, ஆனா செய்யிறவர் கைய பொறுத்தது.

மரை: இங்க கொஞ்சம் நிதானமா படிங்க

பிளாஸ்டிக்கும் உலோகமும் சேர்ற இடம்தான் வீட்டுல அதிகமா பிரச்சனை பண்ணும். பைப் மரைல பெரும்பாலும் ஒரு சரிவு இருக்கும், உள்ள போகப் போக இறுகும், அதாவது ஆப்பு அடிக்கிற மாதிரி. உலோக எம்டிஏவ பிளாஸ்டிக் எஃப்டிஏக்குள்ள வச்சு ரெஞ்ச்சால இறுக்கினா என்ன ஆகும்? அந்த ஆப்பு பிளாஸ்டிக்க வெளிப்பக்கமா விரிக்கும். அன்னைக்கே உடையாது. ஆறு மாசமோ ரெண்டு வருஷமோ கழிச்சு, சூடும் குளிரும் மாறி மாறி வாங்கி, நீளவாக்குல முடி மாதிரி ஒரு விரிசல் விடும், அப்ப டைல்ஸ் எல்லாம் ஒட்டி முடிச்சிருப்போம். எங்க வீட்டு குளியலறை சுவர ரெண்டாவது தடவ உடைச்சப்ப உள்ள இருந்தது இதே மாதிரி ஒரு பிளாஸ்டிக் எஃப்டிஏதான், அத கையில வச்சுப் பாத்தப்ப அந்த விரிசல் வெளிச்சத்துல திருப்பினாத்தான் கண்ணுக்கே தெரிஞ்சுது, அந்த ஒரு கோட்டுல இருந்து வந்த தண்ணி பக்கத்து ரூம் சுவர் வரைக்கும் ஊறியிருந்துச்சு.

அதனால விதி இதுதான். உலோகத்தோட வெளி மரைய பிளாஸ்டிக்கோட உள் மரைக்குள்ள விடாதீங்க. மாத்தி, பிளாஸ்டிக் எம்டிஏ உலோகத்துக்குள்ள போறது பரவாயில்ல, அங்க பிளாஸ்டிக் அமுங்கும், விரியாது. குழாய், ஷவர், ஆங்கிள் வால்வு மாட்டுற எல்லா இடத்துலயும் உள்ள பித்தளை மரை பதிச்ச எல்போ, டீ, எஃப்டிஏ கிடைக்கும், பிராஸ் எல்போன்னு கேளுங்க. விலை கூடத்தான், ஆனா சுவருக்குள்ள மறையப்போற இடத்துல இதுல மிச்சம் பிடிக்காதீங்க. சூடு தண்ணி லைன்ல, ஹீட்டர் கிட்ட, பித்தளை மரை தவிர வேற எதுவும் வேண்டாம்.

டெஃப்லான் டேப் சுத்துறதுக்கும் திசை இருக்கு. மரையோட வாய் உங்கள பாத்து இருக்கும்போது கடிகார முள் சுத்துற பக்கமா சுத்தணும், அப்பத்தான் இறுக்கும்போது டேப் இன்னும் இறுகும், எதிர்ப்பக்கம் சுத்தினா சுருண்டு வெளிய வந்துடும். முதல் மரைய கொஞ்சம் விட்டு சுத்துங்க, இல்லேன்னா டேப் துணுக்கு உள்ள போய் குழாய் வாய்ல இருக்கிற வலைய அடைக்கும். பிளாஸ்டிக் மரைனா கையால இறுக்கி அதுக்கு மேல ஒன்னு ரெண்டு சுத்து போதும். டேப் நிறைய சுத்தினா நல்லதுன்னு நெனச்சு பத்து பதினஞ்சு சுத்து சுத்துறதும் அந்த ஆப்ப இன்னும் பெருசாக்குற வேலைதான். எண்ணெய் கலந்த மரை பேஸ்ட்ட சிபிவிசி பக்கம் கொண்டு போகாதீங்க, சில எண்ணெயும் கொழுப்பும் சிபிவிசிய மெதுவா விரிசல் விட வைக்கும், அதுக்கு டெஃப்லான் டேப்தான் பாதுகாப்பு.

எல்லா மரைக்கும் டேப் தேவையில்லங்கிறதும் தெரிஞ்சுக்கணும், நான் ஆரம்பத்துல கேக்கச் சொன்ன முதல் கேள்வி இங்கதான் உதவும். வாஷிங் மெஷின் ஹோஸ், ஃபிளக்ஸிபிள் கனெக்‌ஷன் பைப், யூனியன் இதுல எல்லாம் மரை வெறும் இழுத்துப் பிடிக்கிற வேலைதான் செய்யுது, தண்ணிய தடுக்குறது உள்ள இருக்கிற ரப்பர் வாஷர். அங்க கசிஞ்சா டேப் சுத்தி பிரயோஜனம் இல்ல, வாஷர மாத்துங்க, இல்ல வாஷர் உக்கார்ற முகத்துல மண்ணு ஒட்டியிருக்கான்னு பாருங்க.

இரும்பும் தாமிரமும் நேரா தொடக்கூடாது

பழைய ஜிஐ லைன்ல புதுசா காப்பர் பைப் சேக்கிறவங்க கவனிக்கணும். ரெண்டு வேற உலோகம் தண்ணிக்குள்ள தொட்டுக்கிட்டு இருந்தா ஒரு சின்ன பேட்டரி மாதிரி ஆயிடும், இதுல தோக்குறது எப்பவும் துத்தநாகமும் இரும்பும்தான், சேர்ற இடத்துல ஜிஐ வேகமா துருப்பிடிச்சு அரிச்சு போகும். நடுவுல பிளாஸ்டிக் இன்சுலேஷன் உள்ள டைஎலக்ட்ரிக் யூனியன் போடணும், அது கிடைக்கலேன்னா நடுவுல ஒரு பித்தளை ஃபிட்டிங் வச்சா அரிப்பு ஓரளவு குறையும். ஜிஐயோட நேரா சிபிவிசி சேக்குறீங்கன்னா இந்த கவலையே இல்ல.

யூனியன், கம்ப்ரெஷன், புஷ் ஃபிட்

ரெண்டாவது கேள்வி, திரும்ப பிரிக்கணுமா? மோட்டார், ஹீட்டர், டேங்க், வாட்டர் ஃபில்டர், தண்ணி திரும்பி வராம தடுக்குற என்ஆர்வி வால்வு, இதெல்லாம் என்னைக்காவது ஒரு நாள் கழட்டித்தான் ஆகணும். மோட்டாருக்கு முன்னாடியும் பின்னாடியும் யூனியன் இல்லாம ஒட்டிட்டாங்கன்னா, ஒரு சீல் மாத்தணும்னாலும் பைப்ப அறுக்கணும், திரும்ப ஒட்டும்போது நீளம் குறையும், ஒரு கப்ளிங் கூட வரும், அடுத்த தடவ இன்னொன்னு. யூனியன் ஒன்னு ரெண்டு கூட வாங்கிப் போடுறது வீண் செலவுன்னு யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க. வால்வுக்கும் அந்த மெஷினுக்கும் நடுவுல யூனியன் இருக்கணும், அப்பத்தான் வால்வ மூடிட்டு யூனியன கழட்டினா மொத்த டேங்க் தண்ணியும் கொட்டாது. வரிசை மாறிப்போய் யூனியன் வால்வுக்கு டேங்க் பக்கமா இருந்தா அது இருந்தும் இல்லாத மாதிரிதான்.

ஆனா யூனியன சுவருக்குள்ள புதைக்காதீங்க. உள்ள இருக்கிற ஓ ரிங் ரப்பர், அது ஒரு நாள் காய்ஞ்சு போகும். கம்ப்ரெஷன் ஃபிட்டிங்கும் அப்படித்தான், அதுல ஒரு நட்டும் ஒரு பித்தளை வளையமும் இருக்கும், நட்ட இறுக்க இறுக்க வளையம் பைப்ப கவ்விக்கும், அந்த கவ்வல்தான் தண்ணிய தடுக்குது. சூடும் வேணாம், சொல்யூஷனும் வேணாம், காப்பர் பைப்ல அவசரத்துக்கு அருமையானது. அளவுக்கு மீறி இறுக்கினா வளையம் நசுங்கி அப்புறம் என்ன பண்ணினாலும் நிக்காது. புஷ் ஃபிட்ல உள்ள ஒரு ஓ ரிங்கும் பல் வச்ச ஸ்டீல் வளையமும் இருக்கும், பைப்ப சொருகினா பல் பிடிச்சுக்கும், ரப்பர் அடைச்சுக்கும். பிசிறோட சொருகினா ரப்பர் கிழிஞ்சிடும், அவ்வளவுதான் அதோட பலவீனம். கைக்கு எட்டுற இடத்துல இந்த மூணும் நல்ல நண்பர்கள், மறைஞ்சு போற இடத்துல ஒட்டுனது, உருக்குனது, ஈயமில்லாத சால்டர் வச்சு பத்த வச்சது இது மட்டும் இருக்கட்டும்.

பெக்ஸ் பைப் போடுறவங்களுக்கு ஒரு வார்த்தை. அதுல ஃபிட்டிங் பைப்புக்கு உள்ள போகும், வெளிய ஒரு வளையம் போட்டு அழுத்துவாங்க, அதனால ஒவ்வொரு ஜாயிண்ட்லயும் வழி கொஞ்சம் சுருங்கும். ஆனா அந்த பைப்பே வளையும்கிறதால எல்போ இல்லாமயே நீளமா கொண்டு போகலாம், ஃபிட்டிங் எண்ணிக்கைய குறைக்கிறதுதான் அதோட அழகு.

அளவு எங்க குறைக்கிறது

பைப் விட்டம் ரெண்டு மடங்கானா உள்ள இருக்கிற பரப்பு நாலு மடங்கு. மெயின் லைன் ஒரு இன்ச்சுன்னா கடைசி வரைக்கும் ஒரு இன்ச்சா கொண்டு போய், ஒவ்வொரு பிரிவுலயும் ரெட்யூசிங் டீ போட்டு முக்கால் இன்ச்சா இறக்குங்க, குழாய் கிட்ட வந்து அரை இன்ச் மரை. ஆரம்பத்துலயே ரெட்யூசர் போட்டு சின்னதாக்கிட்டா பின்னாடி எவ்வளவு பெருசா போட்டாலும் போன அழுத்தம் திரும்ப வராது, ரெண்டு குழாய ஒரே நேரத்துல திறந்தா ஒன்னுல தண்ணி குறையும்.

வால்வுல பால் வால்வு, கேட் வால்வு ரெண்டும் முழுசா திறந்தா தண்ணிக்கு தடை ரொம்ப கம்மி. குளோப் வால்வு மட்டும் தண்ணிய வளைச்சு வளைச்சு விடுறதால முழுசா திறந்திருந்தாலும் பைப் விட்டத்த போல சுமார் 340 மடங்கு நீளத்துக்கு உண்டான தடை, ஒரு இன்ச்சுல அது எட்டு மீட்டருக்கு மேல பைப் கூடுன மாதிரி. அழுத்தம் கம்மியா இருக்கிற லைன்ல அது வேண்டாம். என்ஆர்வி மேல அம்புக்குறி இருக்கும், தண்ணி போற திசைய பாத்து மாட்டணும். ஹீட்டர்ல பாதுகாப்பு வால்வு இருக்கும், அதோட வாய எந்த காரணத்துக்காகவும் பிளக் போட்டு மூடாதீங்க, சொட்டுதேன்னு மூடினா உள்ள விரியிற சூடு தண்ணிக்கு போக்கு இருக்காது, டேங்க்கே வெடிக்கலாம்.

கழிவு லைன் வேற உலகம்

நல்ல தண்ணி லைன்ல அழுத்தம் தள்ளும், கழிவு லைன்ல சரிவு மட்டும்தான் இழுக்கும். அதனால அந்த எல்போவும் டீயும் வேற மாதிரி இருக்கும், உள்பக்கம் வளைவா, கழிவு வழுக்கிட்டு போற மாதிரி. நல்ல தண்ணி பைப்போட 90 டிகிரி எல்போவ சமையலறை கழிவு லைன்ல போட்டா அந்த மூலைல கொழுப்பு படிய ஆரம்பிக்கும். படுத்த லைன்ல இன்னொரு படுத்த லைன் சேரும்போது நேர் டீ வேண்டாம், ஒய் வடிவ ஃபிட்டிங் போட்டு சாய்வா சேக்கணும். செங்குத்தா இறங்குற பைப்ல பக்கத்துல இருந்து வந்து சேர்றதுக்குத்தான் வளைவு வச்ச கழிவு டீ. சரிவு ஒரு மீட்டருக்கு சுமார் 20 மில்லிமீட்டர் இருந்தா நல்லா ஓடும்.

திருப்பம் வர்ற இடத்துல மூடி வச்ச டோர் பெண்டு, டோர் டீ போடுங்க, அடைச்சா திறந்து கம்பி விட வழி வேணும் இல்லையா, அந்த மூடி சுவர பாத்து இல்லாம வெளிய பாத்து இருக்கணும். சிங்க்குக்கு கீழ பி ட்ராப், அதுல தேங்குற சுமார் 5 சென்டிமீட்டர் தண்ணிதான் நாத்தத்த தடுக்குது. ரப்பர் ரிங் வச்ச ஃபிட்டிங்ல பைப்போட ஓரத்த சரிச்சு, ரிங்ல பைப் சோப்போ லூப்ரிகண்ட்டோ தடவி சொருகணும், முழுசா சொருகினதும் பைப் விரியிறதுக்காக ஒரு சென்டிமீட்டர் பின்னாடி இழுத்து விடணும். காய்ஞ்ச ரிங்க பலமா தள்ளினா அது சுருண்டு உள்ள போயிடும், வெளிய தெரியவே தெரியாது.

விரியிறது

சூடு தண்ணி லைன்ல பைப் நீளும். 10 மீட்டர் சிபிவிசி 40 டிகிரி சூடானா ஏறக்குறைய 26 மில்லிமீட்டர் நீளும், சாதா பிபிஆர் அதுல ரெண்டு மடங்குக்கு மேல, 6 சென்டிமீட்டர். ரெண்டு பக்கமும் எல்போ போட்டு சிமெண்ட்ல இறுக்கி கட்டிட்டா அந்த நீளம் எங்க போகும்? எல்போ மேலதான் விழும், ஒட்டுன இடம் ஒவ்வொரு நாளும் இழுபடும். நீளமான லைன்ல நடுவுல எல்போ வச்சு ஒரு யு வளைவு விடுங்க, கிளாம்ப்ப பைப்ப நெரிக்காம சும்மா தாங்குற மாதிரி போடுங்க. வெயில் படுற இடத்துல இருக்கிற பிவிசி, சிபிவிசிக்கு தண்ணில கரையிற பெயிண்ட் ஒரு கோட் அடிச்சா வருஷக்கணக்குல நொறுங்காம இருக்கும்.

பூச்சு வேலைக்கு முன்னாடி

எல்லா வாயிலயும் டம்மி மாட்டி, ஹேண்ட் பம்ப் வச்சு, வேலை செய்யப்போற அழுத்தத்த விட ஒன்றரை மடங்கு ஏத்தி வச்சு பாருங்க. கேஜ் முள் இறங்குதான்னு சில மணி நேரம் கவனிங்க. ஏத்துன உடனே பிளாஸ்டிக் பைப் லேசா விரியிறதால முள் கொஞ்சம் இறங்கும், திரும்ப ஏத்தி விட்டா நிக்கணும். நிக்காம இறங்கிக்கிட்டே இருந்தா ஒவ்வொரு ஜாயிண்ட்லயும் கை வச்சு தடவிப் பாருங்க, டிஷ்யூ பேப்பர சுத்தி வச்சா ஒரு துளி கூட தப்பாது. காத்து அடைச்சு டெஸ்ட் பண்ண யாராவது சொன்னா பிளாஸ்டிக் பைப்ல ஒத்துக்காதீங்க, அழுத்துன காத்தோட பைப் உடைஞ்சா குண்டு மாதிரி சிதறும், தண்ணி அப்படி சிதறாது.

இந்த டெஸ்ட் நேரத்துலயே போன்ல ஒவ்வொரு சுவரயும் பக்கத்துல ஒரு அளவு டேப் வச்சு போட்டோ எடுத்து வச்சிடுங்க, எந்த இடத்துல எல்போ, எந்த இடத்துல டீ, தரைல இருந்து எவ்வளவு உயரம்னு தெரியிற மாதிரி. டைல்ஸ் ஒட்டினப்புறம் குழாய் மரை உள்ள தள்ளி போயிருந்தா எக்ஸ்டென்ஷன் நிப்பிள்னு பித்தளைல வேற வேற நீளத்துல கிடைக்கும், அத வச்சு வெளிய கொண்டு வரலாம், ஆனா ஒன்னுக்கு மேல ஒன்னு மூணு நாலு மாட்டாதீங்க, சரியான நீளத்துல ஒன்னு வாங்குங்க, ஒரு மரை குறைஞ்சா கசியிற இடம் ஒன்னு குறையுது.